பிரதி எண் இரண்டு

இரகசியத்தைக் காப்பது எப்படி என்பதற்கு அந்நாளில் ஒரு தேர்வு இருந்தது. மலாக்கா ஆற்றோரத்தில் இருந்த ஓர் அரசாங்க அலுவலகத்தில் நான் தற்காலிகக் கிராணி, அதாவது குமாஸ்தா. சிவப்பு மையில் 'இரகசியம்' என்று குறிக்கப்பட்ட காகிதங்களைத் தொட வேண்டுமானால் அந்தத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். ஒரே தாள், மூன்று மணி நேரம், எல்லாம் ஆங்கிலம். காகிதத்துக்கு எப்படி எண் போடுவது, எத்தனை உறைக்குள் வைப்பது, அரக்கு முத்திரையை எங்கே குத்துவது, இரும்பு அலமாரிச் சாவி யாரிடம் இருப்பது, கடைசியில் காகிதத்தை எப்படி எரித்து, சாம்பலை நொறுக்கி, தண்ணீரில் கரைப்பது. பிறப்பிலிருந்து ஈமச்சடங்கு வரை எல்லாம் அதில் உண்டு. மனிதர்களுக்கு இவ்வளவு ஒழுங்காக யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

துரைமார் பெட்டி கட்டத் தொடங்கியிருந்த காலம் அது. சுதந்திரத்துக்கு இன்னும் ஓர் ஆண்டுகூட இல்லை. அவர்கள் விட்டுப்போகும் நாற்காலிகளில் உள்ளூர் அதிகாரிகள் உட்காருவார்கள், அவர்கள் விட்ட நாற்காலிகளில் மூத்த கிராணிகள், அதற்கும் கீழே காலியாகும் முக்காலிகளில் எங்களைப் போன்ற தற்காலிகங்கள். எல்லோரும் ஒரு படி ஏறுவதாகப் பேச்சு. எங்கள் படிக்குத்தான் தேர்வு. மூன்று முறை எழுதலாம். மூன்றாம் முறையும் தவறினால் மாதக் கடைசியில் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

எனக்கு அது முதல் முறை. என் நண்பனுக்கு மூன்றாவது.

அவன் எங்கள் அலுவலகத்தின் பொதுமக்கள் முகப்பில் உட்காருபவன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். நகரத்துக்கு வெளியே ஒரு கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டத்தில் அவன் அப்பா மரம் சீவிக்கொண்டிருந்தார். அந்தத் தொழிலாளர் லயத்திலிருந்து நீளக்கால்சட்டை போட்டு வேலைக்குப் போன முதல் ஆள் அவன். ஞாயிற்றுக்கிழமை அவன் தோட்டத்துக்குப் போனால் மனுப் போட வேண்டியவர்கள் வரிசையில் நிற்பார்கள் என்றும், அவன் அப்பா அந்த வரிசையை ஒழுங்குபடுத்துவார் என்றும் அவனே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறான். கல்யாணமாகி, உஜோங் பாசிரில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தான். மனைவி ஏழாம் மாதம். மூன்றாம் முறையும் தவறினால் அந்த அறையிலிருந்து லயத்துக்குத்தான் திரும்ப வேண்டும், கையில் சீவுகத்தியோடு. அது எங்கள் இருவருக்கும் தெரியும். அவன் மனைவிக்கும் தெரியும்.

இனிப் படிப்பதற்கு என்ன கிடைத்தது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாமே அந்தத் தேர்வில்தான் தொடங்கியது. பரீட்சைத் தேர்வைச் சொல்லவில்லை, புத்தகத் தேர்வைச் சொல்கிறேன்.

முதலாவது, ஜாலான் பெண்டஹாராவில் ஓர் எழுதுபொருள் கடையில் விற்ற ஊதா மைக் குறிப்புகள். ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே ஓய்வு பெற்ற ஒரு கிராணி தொகுத்தது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், குறிப்புகள் சாகவில்லை. வருடா வருடம் புது அட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தன. என் நண்பன் இரண்டு முறையும் அதைத்தான் படித்தான். மூன்றாம் முறையும் அந்தக் கடையிலேயே போய் நின்றான். நானும் கூட நின்றேன்.

"புதுப் பதிப்பு தம்பி. இத படிச்சவன் யாரும் ஃபெயிலானதில்ல" என்றார் முஸ்லிம் கடைக்காரர்.

"நான் ரெண்டு வாட்டி ஆனேன், நானா."

"அது ஒங்க ராசி. குறிப்பு மேல பழி போடாதீங்க."

நான் அங்கேயே பிரித்து ஒரு பக்கத்தைக் காட்டினேன். இரகசியக் கடிதத்தை இரண்டு உறைகளில் வைத்து, இரண்டின் மேலும் 'இரகசியம்' என்று எழுத வேண்டும் என்று இருந்தது. போருக்கு முந்திய விதி. பிறகு மாற்றிவிட்டார்கள். உள்ளுறையில்தான் குறி இருக்க வேண்டும், வெளியுறை வெறுமையாக இருக்க வேண்டும். வெளியிலும் எழுதுவது, நகை இந்தப் பெட்டியில் இருக்கிறது என்று பெட்டி மேல் எழுதி வைப்பதற்குச் சமம். அவன் இரண்டு முறையும் அந்தக் கேள்விக்கு இரண்டு உறையிலும் எழுதிவிட்டு வந்திருந்தான்.

"அட்டைதான் புதுசு, உள்ளாற அதே பொணம்" என்று சொல்லிவிட்டு அவன் புத்தகத்தை மேசையில் வைத்தான். "நீயே சொல்லு சர்க்குலரு, எதத்தான் வாங்கறதுலா?"

சர்க்குலர் என்பது அலுவலகத்தில் எனக்கு வைத்த பெயர். எந்தச் சுற்றறிக்கை எந்தச் சுற்றறிக்கையைத் திருத்தியது என்று கேட்காமலே சொல்லும் பழக்கம் எனக்கு அப்போதே இருந்தது. இன்னும் போகவில்லை.

இரண்டாவது, தபாலில் சிங்கப்பூரிலிருந்து வரும் பாடங்கள். வழவழப்பான தாள், அழகான அச்சு. தனியார் கம்பெனி செயலாளர்களுக்காக எழுதியது. அரக்கு என்ற சொல்லே அதில் இல்லை.

மூன்றாவதுதான் உண்மையான பாடநூல். சாம்பல் நிற அட்டை போட்ட விதிப்புத்தகம். கேள்விகள் எல்லாம் அதிலிருந்துதான் வரும் என்று தேர்வு அறிவிப்பிலேயே இருந்தது. அலுவலகத்தில் ஒரே ஒரு பிரதி. திருத்தச் சீட்டுகளை ஒட்டி ஒட்டி அது பிள்ளைத்தாய்ச்சி போல உப்பியிருந்தது. ஒரு சிறு இடைஞ்சல்: அந்தப் புத்தகமே இரகசியம். இரகசியப் பதிவறையை விட்டு வெளியே போகக் கூடாது. பார்த்து எழுதக் கூடாது. பரீட்சைக்குப் போகிறவர்கள் பகல் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை பதிவறையில் உட்கார்ந்து, பதிவேட்டில் கையெழுத்திட்டு, பென்சிலையும் பேனாவையும் வாசலில் வைத்துவிட்டு, பெரிய கிராணியின் கண் முன்னால் படிக்கலாம். இரகசியத்தை எப்படிக் காப்பது என்று தெரிந்துகொள்ள, முதலில் அதை உங்களிடமிருந்தே காப்பார்கள். இதில் எனக்கு அப்போது எந்த வேடிக்கையும் தெரியவில்லை. சரியான ஏற்பாடு என்றே நினைத்தேன்.

முகப்புக்கோ பகல் பன்னிரண்டு மணிதான் கூட்ட நேரம். தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் காலை வேலை முடித்து அப்போதுதான் வந்து சேருவார்கள். என் நண்பனால் அந்த ஒரு மணி நேரம் எழுந்திருக்க முடியாது. பெரிய கிராணியிடம் போய் நேரம் மாற்றிக் கேட்டான். பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளை உடுப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருந்தன.

"நீர் இஞ்ச வந்து வாசிச்சா கவுன்டரை ஆர் பாக்கிறது? சனம் வெயில்ல நிண்டு காயுமோ?"

"ஒரு வாரம் மட்டும் சார்."

"ஒரு வாரம் எண்டு விதியில இருக்கோ?"

இல்லை. நானே பார்த்துச் சொல்லியிருப்பேன்.

நான் மட்டும் தினமும் பகலில் போனேன். எனக்கு ஒரு திறமை இருந்தது, திறமை என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. ஒரு பக்கத்தை மூன்று முறை படித்தால் அது வரிசை மாறாமல் தலைக்குள் உட்கார்ந்துவிடும், மாலை வரை கலையாது. ஐந்து மணிக்கு அலுவலகம் விட்டதும் யாரோடும் பேசாமல் காஜா பெராங்கை நோக்கி நடப்பேன். வாய்க்குள் அந்தப் பக்கங்களைச் சொல்லிக்கொண்டே போவேன். வழியில் தெரிந்தவர் கூப்பிட்டால் கேட்காதது போல நடப்பேன். அங்கே கம்போங் செட்டியில் ஒரு பழைய வீட்டின் முன்னறையில் குடியிருந்தேன். வீட்டுக்கார அம்மாள் செட்டிச் சமூகத்தவர். வீட்டுக்குள் நம் சாமிகள், நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். என் தமிழில் பாதி அவருக்குப் புரியாது. எனக்கு அது வசதியாக இருந்தது. நான் முணுமுணுத்துக்கொண்டு வருவதை அவர் மந்திரம் என்று நினைத்துக்கொண்டார்.

அறைக்குள் போனதும் கோடு போட்ட நோட்டில் அத்தனையையும் எழுதிவிடுவேன். இரண்டு மாதத்தில் சாம்பல் நிறப் புத்தகம் முழுவதும், திருத்தச் சீட்டு பதினொன்று வரை, என் மெத்தைக்கு அடியில் இருந்தது. நான் எந்த விதியையும் மீறவில்லை என்று உறுதியாக நம்பினேன். பதிவறையில் பென்சில் எடுத்தேனா? இல்லை. புத்தகத்தை வெளியே கொண்டுபோனேனா? இல்லை. நினைவில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. எழுதாததை மீற முடியாது.

ஆனால் அந்தப் புத்தகத்தில் ஒரு விதி இருந்தது. இரகசிய நூலிலிருந்து எந்தப் பகுதியை எங்கே எடுத்தெழுதினாலும், எழுதிய தாளின் தலையில் 'இரகசியம்' என்று சிவப்பில் குறித்து, பிரதி எண் இட வேண்டும். நான் கடையில் சிவப்பு மைப் புட்டி ஒன்று வாங்கி, நோட்டின் முதல் பக்கத்தில் நடுவாக, பெரிய ஆங்கில எழுத்தில் 'இரகசியம்' என்று எழுதினேன். அதன் கீழே: 'பிரதி எண் 1'. அப்படி எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. விதி தெரிந்தவன் விதியை விட்டுவிட்டு எழுதினால் தெரியாதவனுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது என் நண்பன் சைக்கிளில் காஜா பெராங்குக்கு வந்தான். கூடத்தில் உட்காரவில்லை. நேரே என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான்.

"தெனமும் படிச்சு என்னா செய்யற? எல்லாத்தையும் தலையில வச்சுக்கிட்டா சுத்தற?"

"ஆமா."

"பொய் சொல்லாத சர்க்குலரு. நீ எழுதி வைக்காத ஆளா? மழ பேஞ்சா அதுக்கும் தேதி போட்டு எழுதி வைப்ப."

அவன் தன் சட்டைப் பையிலிருந்து ஊதா மைக் குறிப்பை எடுத்து மெத்தை மேல் போட்டான். கடைசியில் அதையேதான் வாங்கியிருக்கிறான்.

"இந்த வாட்டியும் இதான்னா எனக்கு லயந்தான். எங்கப்பனுக்கு எப்படிச் சொல்றது தெரியுமா? அவரு தோட்டத்துல எல்லாருக்கும் சொல்லிட்டாரு, சுதந்திரம் கெடச்சதும் எம் மவன்தான் ஆபிசரு, துரை நாற்காலியில உக்காருவான்னு. உக்காரப் போற நாற்காலி அவருக்குத் தெரியாது. முக்காலின்னும் தெரியாது."

மெத்தையைத் தூக்கி நோட்டை எடுத்தேன். அவன் முதல் பக்கத்தைத் திறந்து சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். "உனக்குக் கிறுக்குதான் முத்திப்போச்சு."

மூன்று நாளில் திருப்பித் தர வேண்டும் என்றேன். அவன் கையாலேயே எழுதிக்கொள்ள வேண்டும், என் கையெழுத்து என் அறையை விட்டு நிரந்தரமாகப் போகக் கூடாது என்றேன். பரீட்சைக்கு முந்தின நாள் அதை எரித்துவிட வேண்டும் என்றும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பிறகு நான் சொன்னதுதான் இன்றுவரை என் காதில் இருக்கிறது.

"தலைப்பையும் அப்படியே எழுது. பிரதி எண் ரெண்டு. அது ஒரு கேள்வியா வரும். எழுதிப் பழகினா மறக்காது."

மூன்றாம் நாள் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அதன் பிறகு அவனை முகப்பில் பார்க்கும்போதெல்லாம், மனு எழுத வந்தவரிடம் பேசிக்கொண்டே இடையில் என் பக்கம் திரும்பி, "வெளியுறை?" என்பான். "வெறுமை" என்பேன். "உள்ளுறை?" என்று நான் கேட்டால், "செவப்பு" என்பான். அவனுக்கு வந்துவிட்டது. இந்த முறை தேறிவிடுவான் என்று எனக்குத் தெரிந்தது. இதைச் சொல்லியாக வேண்டும்: அவன் தேறிவிடுவான்.

பரீட்சை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். வெளி வராந்தாவில் நீளமான பெஞ்சு போட்டு, புத்தகங்களை அதில் வைத்துவிட்டு உள்ளே போகச் சொன்னார்கள். என் நண்பன் தமிழ்ப் பத்திரிகைத் தாளில் அட்டை போட்ட ஒரு நோட்டை அங்கே வைத்ததைப் பார்த்தேன். அருகில் போய்க் கேட்டேன்.

"எரிக்கலையா?"

"எரிச்சுட்டா காலையில எத படிக்கறது? பயப்படாத. வெளியுறை வெறுமைதானே?"

பத்திரிகைத் தாளைத் தட்டிக் காட்டிவிட்டு உள்ளே போனான். அவனுக்கு எனக்கு முன் வரிசையில் இடம்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கடல் பக்கமிருந்து மழை வந்தது. காற்றோடு வந்து வராந்தாவுக்குள் அடித்தது. மண்டபத்துச் சேவகர் ஓடிப்போய் புத்தகங்களை அள்ளி வந்து கண்காணிப்பாளர் மேசையில் குவித்தார். நனைந்த பத்திரிகை அட்டை கழன்று தொங்கியது. கண்காணிப்பாளர் அண்மையில் பதவி உயர்ந்த உள்ளூர் அதிகாரி, எங்கள் அலுவலகத்தைச் சேர்ந்தவர் அல்ல. ஈரத்தைத் துடைப்பதற்காக அந்த நோட்டைத் திறந்தார். முதல் பக்கத்தில் அவர் பார்வை நின்றது.

நான் அப்போது எழுதிக்கொண்டிருந்த கேள்வி இது: காவலின்றிக் கிடக்கும் இரகசியக் காகிதம் ஒன்று உங்கள் பார்வைக்கு வருகிறது, நீங்கள் செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுக. ஐந்து படிகள் உண்டு. எனக்கு நான்குதான் நினைவுக்கு வந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கண்காணிப்பாளர் நோட்டை மேற்கொண்டு புரட்டாமல் மூடினார். கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு தாளில் நேரத்தைக் குறித்தார். சேவகரைக் கூப்பிட்டு அதில் கையெழுத்திடச் சொன்னார். நேரத்தைக் குறித்துச் சாட்சி வாங்குவது. நான் மறந்திருந்த படி அதுதான். குனிந்து எழுதினேன்.

ஆம், எழுதினேன். பேனா நிற்கவில்லை.

"இது யாருடையது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

என் நண்பன் எழுந்து நின்றான். "என்னுடையது, ஐயா." அவன் முதுகைத்தான் பார்த்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவன் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் மண்டபம் முழுவதும் அவன் யாரைப் பார்க்கிறான் என்று பார்த்திருக்கும். அது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, கண்காணிப்பாளருக்குப் பின்னால் நடந்து போனான். பாதி எழுதிய விடைத்தாள் மேசையிலேயே இருந்தது. மழைக்காற்றில் அதன் மேல் தாள் மட்டும் தூக்கித் தூக்கி விழுந்தது.

வீட்டுக்குப் போனதும் மெத்தைக்கு அடியிலிருந்து என் நோட்டை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனேன். கரி அடுப்பில் உலை வைத்திருந்தார் வீட்டுக்கார அம்மாள். பானையை இறக்கச் சொல்லிவிட்டு, தாள் தாளாகக் கிழித்துப் போட்டேன்.

"அபா பாக்கார், தம்பி?" என்ன எரிக்கிறாய் என்று கேட்டார்.

"சூராட் லாமா" என்றேன். பழைய காகிதம்.

"நந்தி நாசி பாவு சூராட்லா." சோற்றில் காகித வாடை அடிக்கும் என்று முகத்தைச் சுளித்தார். ஆனாலும் விசிறியை எடுத்து வீசினார். சிவப்பு எழுத்து இருந்த பக்கம் கடைசியாகத்தான் பிடித்தது. சாம்பலைக் கரண்டியால் நொறுக்கி, வாளியில் போட்டுக் கரைத்து, கொல்லைச் சாக்கடையில் ஊற்றினேன். அழிக்கும்போது ஒரு சாட்சி இருக்க வேண்டும். இருந்தார். என்ன என்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்று விதியில் இல்லை.

விசாரணை இரண்டு வாரம் நடந்தது. அவர்களை உறுத்தியது ஒரே கேள்வி. பிரதி இரண்டு இருக்கிறது என்றால் பிரதி ஒன்று எங்கே? அந்த எண் இல்லாவிட்டால் ஒரு கிராணி எப்படியோ எழுதிய படிப்பு நோட்டு என்று எச்சரித்து விட்டிருப்பார்கள் என்று பிறகு தெரிந்தது. எண் இருந்ததால், எங்கோ யார் கையிலோ இன்னொன்று இருக்கிறது. காட்டில் கம்யூனிஸ்ட் துப்பாக்கிக்காரர்கள் இன்னும் மிச்சம் இருந்த காலம். அது யாருக்குப் போயிற்று என்று துரை திரும்பத் திரும்பக் கேட்டாராம். என் நண்பன் இரண்டு பதில்களைத்தான் மாற்றி மாற்றிச் சொன்னான். முதல் பிரதி என்று ஒன்று இல்லை, தவறுதலாக இரண்டு என்று எழுதிவிட்டேன். ஊதா மைக் குறிப்பு எழுதிய பழைய கிராணி சொல்லச் சொல்ல எழுதினேன், அவர் செத்துவிட்டார்.

பெரிய கிராணி என்னையும் பதிவறைக்குள் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"நீர் தினமும் மத்தியானம் இஞ்ச வந்தனீர். அவரும் நீரும் சிநேகிதம். எங்கயாவது பாத்து எழுதினனீரோ?"

"இந்த அறைக்குள்ள நான் பென்சிலே எடுக்கலை சார். நீங்களே பாத்துக்கிட்டுதான் இருந்தீங்க."

"நான் கேட்டது அதில்ல."

நான் அவர் மேசையில் இருந்த அரக்குக் கட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பதிவேட்டை மூடிவிட்டு, "ஓம். நீர் போகலாம்" என்றார்.

அவனை வேலையிலிருந்து நீக்கினார்கள். வழக்குப் போடவில்லை, அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். உஜோங் பாசிரில் அவன் அறையைக் காலி செய்த அன்று போனேன். ஒரு தகரப்பெட்டி, இரண்டு பாய் மூட்டை. அவன் மனைவி என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பி, மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

"வா சர்க்குலரு. ஒரு சந்தேகம் கேக்கணும்னு இருந்தேன்" என்றான். "அந்த ரெண்டுன்னு எழுதலைன்னா, அது என்னா?"

"வெறும் நோட்டு" என்றேன்.

"வெறும் நோட்டு." தலையாட்டினான். "இது எந்தப் புக்குலலா இருக்கு? அத மட்டும் வாங்கியிருக்கலாம்." சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "உன்னுது?" என்றான்.

"எரிச்சாச்சு."

"சாம்பலக் கரைச்சியா?"

"கரைச்சேன்."

"சாட்சி?"

"வீட்டுக்கார அம்மா."

"பாஸ்" என்று என் முதுகில் தட்டினான். நான் துரையிடம் போய்ப் பேசட்டுமா என்று கேட்டேன்.

"பேசறதா இருந்தா கேட்டுக்கிட்டா இருப்ப?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. பெட்டியின் ஒரு பக்கத்தை அவன் பிடிக்க, மறுபக்கத்தை நான் பிடித்து, பஸ் நிற்கும் இடம் வரை கொண்டுபோனோம். அதற்குப் பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை. அவன் அப்பாவின் தோட்டத்துக்குப் போகவில்லை, அங்கே முகத்தைக் காட்ட முடியாமல் ஜோகூர்ப் பக்கம் வேறு தோட்டத்தில் மரம் சீவப் போய்விட்டான் என்று ஒருவர் சொன்னார். குழந்தை பிறந்ததா, என்ன குழந்தை என்று நான் கேட்கவில்லை. அவர் சொல்லியிருப்பார்.

நான் பேசியிருந்தால் அவன் வேலை திரும்பியிருக்காது, என்னுடையதும் சேர்ந்து போயிருக்கும். இந்த வாதத்தை ஓய்வு பெறும் வரை பல முறை சரிபார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சரியாகவே இருக்கிறது. சரியாக இருப்பதால்தான் அதை எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தேர்வில் முதலாவதாகத் தேறினேன். சுதந்திர நாளுக்கான மெர்டேக்கா கொடிகள் தெருவெங்கும் தொங்கிக்கொண்டிருந்தபோது எனக்கு இரகசியப் பதிவறையில் நிரந்தர வேலை கிடைத்தது. முதல் வாரமே பெரிய கிராணி ஒரு கோப்பை என் முன்னால் வைத்தார். முடிந்துபோன விசாரணை. கோப்பைக் காப்பில் வைத்துவிட்டு, அதோடு இருக்கும் பொருளை அழிக்க வேண்டும். பொருள் என்பது அந்த நோட்டு. உறையைப் பிரித்தேன். என் நண்பனின் சாய்ந்த கையெழுத்து. நான் எழுதிய அதே வரிகள்.

ஓரங்களில் அவன் தமிழில் சின்னச் சின்னக் குறிப்புகள் எழுதியிருந்தான். 'இது கட்டாயம் வரும்.' 'உள்ளுறை மட்டும்!' பிறகு ஒரு பக்கத்தில்: 'புரியலை. சர்க்குலரிடம் கேட்கணும்.' இன்னொரு பக்கத்தில்: 'சர்க்குலர் நோட்டில் இந்த இடம் மை கொட்டியிருக்கு.'

உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றுவிட்டேன். இந்த அலுவலகத்தில் சர்க்குலர் யார் என்று தெரியாத ஆளில்லை. வாசல் காக்கும் ஜாகாவுக்குக்கூடத் தெரியும். அவசரமாகக் கோப்பைப் புரட்டினேன். விசாரித்த இருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. ஓரக்குறிப்புகளை மொழிபெயர்க்கும்படி பெரிய கிராணியைக் கேட்டிருந்தார்கள். அவருடைய முத்துமுத்தான ஆங்கிலத்தில் ஒரே வரி இருந்தது: 'ஓரங்களில் உள்ள தமிழ்ச் சொற்கள் குடும்ப விஷயங்கள், விசாரணைக்குத் தொடர்பில்லாதவை.'

அவர் என்னைக் காப்பாற்றினார் என்று சில காலம் நினைத்துக்கொண்டேன். பிறகு விதி தெரிந்தவனாக யோசித்தேன். பகல் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை அந்தப் புத்தகம் யார் பொறுப்பில் இருந்தது? அவர் பொறுப்பில். அவர் கண் முன்னாலேயே அது ஒருவன் தலையில் ஏறி வெளியே போயிற்று என்று தெரிந்தால் அவருடைய ஓய்வூதியம் என்ன ஆகும்? அவரும் விதிகளைப் படித்தவர். எங்கள் இருவரையும் காப்பாற்றியவன் அப்போது வேறு யாருக்கோ சொந்தமான மரத்தைச் சீவிக்கொண்டிருந்தான்.

அலுவலகத்துக்குப் பின்னால் காகிதம் எரிக்கும் தகரப்பீப்பாய் ஒன்று இருந்தது. எரிப்பது என் வேலை, சாட்சி பெரிய கிராணி. அவர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு தாளாகக் கிழித்துப் போட்டேன். தமிழ் எழுதிய பக்கங்களை முதலில் போட்டேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பலை வாளித் தண்ணீரில் கொட்டிக் குச்சியால் கலக்கினேன்.

"இன்னும் கொஞ்சம் கலக்கும். துண்டு மிதக்குது" என்றார்.

கலக்கினேன். அவர் அழிப்புச் சான்றிதழை ஒரு மரப்பலகை மேல் வைத்து நீட்டினார். பொருளின் பெயர், பிரதி எண், அழித்த முறை, எல்லாம் நிரப்பினேன். கடைசிக் கட்டத்தில், 'இப்பொருளின் வேறு பிரதிகள் எவையேனும் உள்ளனவா?' என்று அச்சடித்திருந்தது. பேனா அங்கே நின்றது.

"எழுதும்" என்றார் அவர்.

'இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதன் கீழே அவர் கையெழுத்திட்டார். அந்தச் சான்றிதழில் பொய் என்று ஒரு சொல்கூடக் கிடையாது.